தகரம் கிழிக்கவில்லை

தனசேகரின் இடது கையில் ஆள்காட்டி விரல் இல்லை. அதை எடுத்தவன் நான்.

அறுத்தவர் மருத்துவர்தான்... ஆனால் எடுத்தவன் நான்! மூன்று வருடங்களாக இந்த ஒரு வரியை எழுதாமலிருக்க வேறு எதை எதையோ எழுதிப் பார்த்துவிட்டேன். மழை, மழைக்குப் பிந்தைய வெயில், வெயிலில் காயும் துணிகள்... எல்லாம் தப்பி ஓடிய வழிகள்.

உங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என் தெருக்காரர் இல்லை. என் கேட்டைத் தட்ட மாட்டீர்கள். அந்தத் தைரியம்தான். வேறென்ன!

நாளைக் காலை தனசேகர் தட்டப்போகிறார்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீடு தெருவின் கடைசி. மாடிப்படி வெளிப்புறமாக ஏறும். ஒவ்வொரு மழைக்காலமும் அதில் பாசி படியும். ஒரு வருடம் சுமதி, என் மனைவி, ஈரத் துணிக் கூடையோடு வழுக்கி விழுந்தாள். எதிர்வீட்டுத் தனசேகர்தான் ஓடிவந்து தூக்கித் தன் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். நான் அலுவலகத்திலிருந்து போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு எக்ஸ்ரே எடுத்து, இட்லியும் வாங்கிக் கொடுத்திருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னால் மறக்க முடியவில்லை, நீங்களும் மறக்காதீர்கள்.

அதற்குப் பிறகுதான் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் அந்த இயந்திரத்தை வாங்கப் போனேன். பிரஷர் வாஷர். பூந்தமல்லியில் மோட்டார்கள் விற்கும் கடை. மெட்ரோ வேலையின் தூசி கடைக்குள்வரை வந்திருந்தது. கடைக்காரர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊட்டுக்கா சார்? படி, பைக்கு, கேட்டு... அவ்ளோதான? தோ இந்தச் சின்னதே போதும். நூத்திப்பத்து பார் பிரஷர். அந்தப் பெருசு லாரி கழுவறவன் வாங்கறது. அது உனக்கு வாணாம்."

உனக்கு வேண்டாம்! பெரியதைத் தலையில் கட்டப் பார்ப்பவர்களைத்தான் நான் அறிவேன். சிறியதைப் போதும் என்பவரை அன்றுதான் பார்த்தேன். அவருடைய அக்கறை எனக்கு அக்கறையாகப் படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே மென்மையாகிப்போன என் கைகளை அவர் பார்த்துவிட்டார் என்றே பட்டது.

"பெருசையே குடுங்க" என்றேன்.

துப்பாக்கி போன்ற பிடி. அதன் முனையில் மாட்ட ஐந்து நாசில்கள், ஐந்து நிறங்களில். வெள்ளை தண்ணீரை விசிறியாக விரிக்கும். பச்சையும் மஞ்சளும் அதைவிடக் குறுக்கும். கறுப்பு சோப்புத் தண்ணீருக்கு. சிவப்பு... சிவப்பு விரிக்காது. ஒரே ஊசி. கடைக்காரர் அதை மட்டும் தனியே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

"இத்த பொட்டிலயே வெச்சிரு சார். சிமிட்டியே தோண்டும். ஆளுங்க பக்கம் காட்டிடாத."

நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் முதலில் மாட்டியது சிவப்பைத்தான்.

பாசி உரிந்துகொண்டு வந்தது! பச்சைத் தோலுக்கடியில் வெளுத்த சிமெண்டு, அப்போதுதான் பிறந்ததுபோல. மொட்டை மாடியில் அந்த ஊசித் தண்ணீரால் என் பெயரை எழுதினேன். எழுத்து சிமெண்டுக்குள் இறங்கிவிட்டது. சுமதி வந்து பார்த்துச் சிரித்தாள். "கல்வெட்டா? எந்த ராஜா நீங்க?" இன்றும் அந்தப் பெயர் அங்கேதான் இருக்கிறது. மழை பெய்தால் அந்தப் பள்ளங்களில்தான் முதலில் பாசி ஏறுகிறது.

சிமெண்டுக்குள் இறங்கும் தண்ணீர் சதைக்குள் இறங்காதா? அப்போது ஏன் எனக்குத் தோன்றவில்லை...

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். தெரு முழுக்க வண்டி கழுவும் ஈரம். பதினொரு மணி வெயிலில் தனசேகர் தன் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு என் கேட்டுக்கு வந்தார். அவர் மனைவி மல்லிகா பின்னால் துணியும் வாளியுமாக.

"இன்னா சார், மிசினு செமயா கீதாமே! தெருவே பேசிகினு கீது. நம்ம ராணிக்கும் ஒரு குளியல் போட்டுவுடு."

ராணி என்பது ஆட்டோ.

"என்னிக்காச்சும் என்ன இப்டி குளிப்பாட்டியிருக்கியா?" என்றார் மல்லிகா.

"நீ இன்னா மூணு சக்கரத்துலயா ஓட்ற?"

நாங்கள் மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அது முடிந்து கால் மணி நேரத்தில்...

பச்சை நாசிலில் ஆட்டோவின் உடம்பெல்லாம் கழுவியாகிவிட்டது. முன்சக்கரத்தின் மட்கார்டுக்கு உள்ளே வருடக்கணக்கான கிரீஸ் கட்டிக் கிடந்தது. அது போகவில்லை. "விடு சார், போதும்" என்றார் அவர். நான் விடவில்லை. என் இயந்திரத்தால் முடியாத ஒன்று இருக்கலாமா! சிவப்பை மாட்டினேன்.

"இருங்க தனசேகர், இப்ப பாருங்க."

"சரி, அப்ப நா புடிச்சிக்கறேன். நீ அடி சார்."

குந்தி உட்கார்ந்து, மட்கார்டின் விளிம்பை இடது கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டார். நான் விசையை அழுத்தினேன். துப்பாக்கி பின்னோக்கி உதைத்தது. முனை ஒரு சாண் விலகியது. ஒரு கணம்... ஒரு கணத்தில் பாதி! அந்த வெள்ளை ஊசி அவர் ஆள்காட்டி விரலைத் தொட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

அவர் பார்க்கவில்லை. அவர் முகம் சக்கரத்தின் பக்கம் இருந்தது.

கையை உதறினார். "ஸ்ஸ்... தகரம் கீசிகிச்சு பா." விரலைத் திருப்பிப் பார்த்தார். ஒரு சின்னப் புள்ளி. ரத்தம்கூட ஒரு துளிதான். "அய்ய, எறும்பு கட்ச்சா மாதிரி கீது. இதுக்குப் போயி!"

மல்லிகா மஞ்சள்தூள் கொண்டுவந்து அப்பினார்.

அப்போது சொல்லியிருக்கலாம். 'தகரம் இல்லை தனசேகர், என் தண்ணீர்.' நான்கு சொற்கள்... ஐந்தா? எத்தனையாக இருந்தால் என்ன, என் வாயில் ஒன்றும் இல்லை.

அவர் போனதும் உள்ளே வந்து இயந்திரத்தோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தேன். கடுகுபோன்ற எழுத்து. தோலை நீர் துளைத்தால், காயம் எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்லவும். இயந்திர நீர் துளைத்தது என்பதைத் தவறாமல் சொல்லவும்.

உடனே. தவறாமல். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையே இருபது அடி.

நான் போகவில்லை. ஏன்? இதைத்தானே நீங்கள் கேட்கிறீர்கள்! பயந்தேன். அவர் இந்த ஊர்க்காரர். இங்கே வயல் இருந்த காலத்திலிருந்து இருக்கும் குடும்பம். ஸ்டாண்டில் இருக்கும் ஆட்டோக்காரர்களில் பாதிப் பேர் அவருக்கு மாமன் மச்சான். நான் தெற்கிலிருந்து வேலைக்கு வந்து வீடு கட்டியவன். என் வாசலில் கூட்டம் கூடுவதைக் கற்பனை செய்தேன். போலீசைக் கற்பனை செய்தேன். அந்த விரலுக்குள் கிரீஸும் சோப்புத் தண்ணீரும் ஊறிக்கொண்டிருப்பதை மட்டும் கற்பனை செய்யவில்லை... கற்பனையே என் தொழில்போலத் திரிகிறவன் நான்!

கையேட்டை மடித்தேன். எறும்பு கடித்தது போலத்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருடைய சொல்லையே திருடி அவருக்கு எதிராக வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பூஜை. ராணிக்கு மாலை, சந்தனம், மூன்று சக்கரத்துக்கும் மூன்று எலுமிச்சம்பழம். அவர் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் மஞ்சளும் சிவப்புமாக, சிறு வாழைப்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது.

"சீழு கட்டுது போல சார். ரெண்டு நாள்ல வுட்டுடும்" என்று என் கையில் பொரி வைத்தார். தின்றேன். தின்றேன் என்றால்... விழுங்கினேன்.

அதற்கு அடுத்த நாள் நான்தான் அவரைப் பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். நல்ல அண்டைவீட்டான்! "எதால பட்டுச்சு?" என்று கேட்டார் மருத்துவர். "தகரம் கீசிச்சு டாக்டர்" என்றார் தனசேகர். ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாளில் விரல் கறுத்தது. பெரிய ஆஸ்பத்திரி. அங்கே இருந்த இளம் மருத்துவருக்குச் சந்தேகம். தனசேகர் ஜுரத்தில் கண்மூடிக் கிடந்ததால் என்னிடம் கேட்டார். "வெறும் கீறலா தெரியல சார். உள்ள ரொம்ப ஆழமா ஏதோ போயிருக்கு. எதால பட்டுச்சுன்னு சரியா சொல்லுங்க."

உண்மையைச் சொல்லக் கதவு திறந்துதான் இருந்தது. அவரே திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்!

"துருப்பிடிச்ச தகரம் டாக்டர்" என்றேன். "நான் பக்கத்துலதான் இருந்தேன். பார்த்தேன்."

பார்த்தேன் என்றேன். அந்த ஒரு சொல் மட்டும் உண்மை.

மறுநாள் விரலை எடுத்தார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் விரல் பிழைத்திருக்குமா? தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன்... அது ஒரு சிறிய இடம். கால் நீட்ட முடியாது.

அன்று வீடு திரும்பியதும் அந்தச் சிவப்பு நாசிலை எடுத்து, வாசலில் இருக்கும் கற்பூரவல்லித் தொட்டி மண்ணில் அழுத்திப் புதைத்தேன். சளி பிடித்தால் சுமதி அந்த இலைகளைத்தான் பறித்துக் கஷாயம் வைக்கிறாள். குடிக்கிறேன்.

ஆட்டோவில் கியரும் கிளட்சும் இடது கையில் என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆள்காட்டி விரல் போய், நடுவிரலும் மடங்காமல் விறைத்துப்போன கையால் கிளட்சைப் பிடிக்க ஆறு மாதம் முயன்றார். வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் உட்கார்ந்து கிளட்சை அழுத்துவதும் விடுவதுமாக... என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒருநாள் ராணியை விற்றார். "பூஜைக்கு மொத நாளே என்னக் கட்ச்ச வண்டி சார் அது. வெச்சுக்கக் கூடாதுன்றாங்க." வாங்கியவன் ஓட்டிப்போனபோது அதன் மட்கார்டைத் தட்டிக் கொடுத்தார். குற்றமற்ற தகரம்!

அதைவிடக் கொடியது இன்னொன்று. மல்லிகா ஒருநாள் எங்கள் சமையலறையில் சுமதியிடம் அழுதார். நான் அடுத்த அறையில் இருந்தேன்.

"ஆருகிட்டயும் சொல்லாதக்கா. அன்னிக்கு மூணு எலுமிச்சம்பழத்துல ஒண்ணு உருண்டு சாக்கடைல உழுந்துச்சு. வேற வாங்க சோம்பேறித்தனம்... குழாய்ல கழுவி சக்கரத்துக்கு வெச்சிட்டேன். அதான்க்கா. அந்தச் சின்னக் கீறலு இவ்ளோ பெருசாச்சு. என் கையாலதான் அவரு கை போச்சு."

"சாமி குத்தம்லாம் இல்ல மல்லிகா" என்று சுமதி சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் உண்மை தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் தெரிந்தவன் உட்கார்ந்திருந்தான். எழுந்து போய் ஒரு வாக்கியம் சொன்னால் ஒரு பெண்ணின் நெஞ்சிலிருந்து கல் இறங்கும். எழுந்தேன்... மின்விசிறியை வேகமாக வைத்தேன். அழுகை கேட்காமலிருக்க.

இப்போது தனசேகர் பாரிவாக்கத்தில் ஒரு வாட்டர் வாஷ் கடையில் வேலை செய்கிறார். ஆமாம். கார்களையும் பைக்குகளையும் கழுவும் கடை. அதே இயந்திரம், இன்னும் பெரியது. வேலை கிடைத்த அன்று எனக்கு லட்டு கொண்டுவந்தார். அன்றிலிருந்து நான் தூங்கவில்லை என்றால் மிகை. அவர் காலடிச் சத்தத்தை மட்டும் அடையாளம் காணப் பழகிவிட்டேன்.

இன்று மாலை வந்தார்.

"நாளைக்கு லீவு போட்டுட்டேன் சார், பதினோரு மணிக்கு வரேன். பூஜைக்கு உன் ஸ்கூட்டர நாந்தான் கழுவுவேன். எனக்காக எத்தினி வாட்டி ஆஸ்பத்திரிக்கு அலஞ்ச நீ! மிசின எட்த்தா, வேல செய்தான்னு பாக்கலாம்."

மூன்று வருடமாகத் தொடாத பெட்டியைக் கொண்டுவந்தேன். திறந்தார். மூன்று விரலும் கட்டை விரலுமாக அந்தக் கை நாசில்களை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தது. வெள்ளை. பச்சை. மஞ்சள். கறுப்பு.

"அஞ்சு இருக்கணுமே சார். செகப்பு எங்க?"

"எங்கேயோ... விழுந்து தொலைஞ்சு போச்சு தனசேகர்."

நிமிர்ந்து பார்த்தார். நீண்ட நேரமா? எனக்கு நீண்ட நேரம். அவர் கண்களில் ஒன்றும் இல்லை. அல்லது எல்லாம் இருந்தது. கற்பூரவல்லித் தொட்டி அவர் முழங்காலுக்குப் பக்கத்தில்.

"பரவால்ல. எங்க கடைல கீது, எட்த்தாறேன்" என்றார். பிறகு சிரித்தார். "மொத நாளே மொதலாளி சொன்னாரு சார். செகப்பு மட்டும் கைக்கு நேரா காட்டாத, பட்டா ஒண்ணுமே தெரியாது, எறும்பு கட்ச்சா மாதிரிதான் இருக்கும்னு."

நான் நாசில்களைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டேன்.

கேட்டுவரை போனவர் திரும்பி நின்றார். "சக்கரத்துக்கு உள்ளதான் சார் அழுக்கு ஜாஸ்தி. நீ புடிச்சிக்க, போதும். நா அடிக்கிறேன்."

"சரி" என்றேன்.

தெரிந்துவிட்டதா அவருக்கு? தெரிந்தும் சிரித்தாரா? அல்லது ஒன்றும் தெரியாமல், நன்றியோடு, என் வண்டியைக் கழுவித்தரத்தான் வருகிறாரா? எது அதிகப் பயம் தருகிறது என்று கேட்காதீர்கள்... இரண்டாவதுதான்!

கேட்டைத் திறக்கும்போதே சொல்லிவிடலாம். சொல்வேனா? என்னை உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பதினொரு மணிக்கு வருவார். நான் குந்தி உட்கார்ந்து மட்கார்டைப் பிடித்துக்கொள்வேன். எந்தக் கையால் என்பதைத்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.