ரத்தம் பட்ட பலகை

எழுபதுகளின் தொடக்கம். பழவேற்காடு ஏரியில் ஆள் ஏற்றும் படகைக் கழி போட்டுத் தள்ளுவது என் புருஷனின் வேலை. படகு முதலாளியுடையது. அடிப்பலகை உளுத்துவிட்டது என்று அவரிடம் இரண்டு தரம் சொல்லியும் ஆயிற்று. "மாத்திக்கலாம்பா" என்பார், அதோடு சரி.

ஒரு நாள் காலை கரை சேரும்போது பலகை உடைந்து, இவர் கால் படகுக்கு அடியில் இறங்கிவிட்டது. அதே வேகத்தில் படகு கரைக்கல்லில் உட்கார்ந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப்போனது.

மாவுக்கட்டோடு இவரை வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள், முதலாளி வந்தார். கையில் அந்தப் பலகை.

"நம்ம சாங்கியம் இருக்குதேம்மா. வுட்டுடாத" என்று வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

ரத்தம் பட்ட பலகையை அடிபட்டவர் வீட்டு அடுப்பில் எரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் படகு மறுபடியும் காவு கேட்கும் என்பது எங்கள் குப்பத்து வழக்கம். எவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷன் என்று மெச்சிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்! அன்றைக்கே அதை அடுப்பில் வைத்து, இவருக்கு உடம்பு துடைக்க வெந்நீர் போட்டேன்.

கால் கூடவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குக்கூட வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். நஷ்டஈடு கேட்பதைத் தவிர வேறு வழியில்லை என்று பொன்னேரியில் ஒரு வக்கீலைப் பார்த்தோம்.

"மொதலாளி மேலதான் தப்புன்னு நாமதாம்மா காட்டணும். அந்தப் பலகைய எடுத்துக்கினு வாங்க" என்றார்.

எரித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

கோர்ட்டில் முதலாளி கைகூப்பி நின்றார். பலகை நல்ல பலகைதானாம், உளுத்ததென்று இவர் சொன்னதே இல்லையாம், காற்றுதான் படகைக் கல்லில் அடித்ததாம். "உளுத்திருந்தா எடுத்துக் காட்டச் சொல்லுங்கய்யா" என்றார். படகில் வந்தவர்கள் மறுநாளும் அவர் படகில்தான் ஏறியாக வேண்டும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். "அய்யா, ஒரு குண்டான் தண்ணி காயறதுக்குள்ள அந்தப் பலக சாம்பலாப் பூட்சிங்க. நல்ல பலக அப்டி எரியுமா?" என்று கேட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அது எரிந்த வேகத்தைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்தி. அதை எரித்தவளும் நானே.

கேஸ் தள்ளுபடி ஆனது. முதலாளி தெரிந்தேதான் அதைக் கொண்டுவந்து கொடுத்தாரா, சாங்கியத்துக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில், ஊன்றுகட்டையைப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு இவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அதுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஊர் வரப்போகும்போதுதான் கேட்டார்.

"அன்னிக்கு ஊட்ல வேற வெறகு இல்லியா?"

இருந்தது. ஒரு கட்டு இருந்தது.