விரலில் பிளாஸ்டர்

எங்கள் தீவின் வடக்கே, திருநெல்வேலியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் மருந்துக்கடை வைத்திருந்தார். மெலிந்த மனிதர். எந்த நேரமும் விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும்.

முன்னறைக் கண்ணாடித் தொட்டியில் கடல்தண்ணீர் நிரப்பி, பவளப்பாறைத் துண்டுகளான முருகைக்கற்களுக்கிடையே வண்ணமீன்கள் வளர்த்தார். கற்பொந்துகளில் ஒளியும் முள்ளுப்புழுக்களைச் சாமணத்தால் இழுத்தெறிவார். விரலில் ஏறும் மயிர்போன்ற முட்களைப் பிளாஸ்டர் ஒட்டி உரித்தெடுப்பார். "நாசமறுவார், என்ரை மீனுகளைத் தின்ன வந்ததுகள்" என்று திட்டுவார்.

சண்டை மூண்டு மின்சாரம் நின்றபோது தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டாரும் நின்றது. சைக்கிள் பம்பால் அடித்துப் பார்த்தார். மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. அதன் பிறகும் அவர் பிளாஸ்டிக் கானில் கடல்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

ஒருநாள் அவர் விரலில் புதுப் பிளாஸ்டரைக் கண்டேன்.

"இன்னும் புழுப் பிடிக்கிறியளோ அண்ணை? மீன்தான் ஒண்டுமில்லையே."

"பிடிக்கேல்லைத் தம்பி. றால் துண்டு வைக்கேக்கை குத்திப்போட்டுது."

"உதுகளுக்கோ தீன் போடுறியள்?"

"வேறை ஆர் மிச்சம்?"

அன்று அவர் திட்டவில்லை.

பிறகு ஊரே இடம்பெயர்ந்தது. சனம் தெருவில் நிறைந்து போய்க்கொண்டிருக்க, அவர் உள்ளே திரும்பி ஓடி, வீட்டிலிருந்த றால் கருவாடு முழுவதையும் தொட்டிக்குள் கொட்டிவிட்டு வந்தார். எத்தனை நாளைக்கென்று நினைத்துக் கொட்டினாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.