பட்டினி போட்டால் சுரக்கும் மருந்து

டென்மார்க்கில் யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. எங்கள் ஆய்வக உதவியாளர் கிர்ஸ்டன் மட்டும் தினமும் காலையில் கேட்பாள்: "சாப்பிட்டார்களா?" என்னைப் பற்றி அல்ல, குடுவையில் வளரும் பாக்டீரியாக்களைப் பற்றி.

அவை நம்மூர்க்காரர்கள். தரங்கம்பாடிக்கு மேற்கே என் அம்மா நாற்று நட்ட வயலிலிருந்து, ஒரு பொட்டலம் மண்ணோடு விமானம் ஏறி வந்தவை. சீழ்க்கிருமியைக் கொல்லும் மருந்தைச் சுரக்கும் என்று நம்பிக் கொண்டுவந்தேன். வந்த இடத்தில் கொழுகொழுவென்று வளர்ந்தன. மருந்து ஒரு சொட்டு இல்லை. "இன்னும் ஊட்டு" என்றார் பேராசிரியர். அமோனியத்தைக் கூட்டினேன், நம்மூர் யூரியாவில் இருக்கும் அதே தழைச்சத்துதான். இன்னும் கொழுத்தன. இரண்டு மாதத்தில் மருந்து வராவிட்டால் எனக்கு ஊருக்கு டிக்கெட். "தழைச்சத்து மலிந்தால் இவை வளர்வதோடு சரி. குறைத்துப் பார்க்கலாமா?" என்றேன். "பட்டினி போடுவதா? அது உங்கள் நாட்டுப் பழக்கமா?" என்று சிரித்தார்.

பழக்கம்தான். ஏழைகளின் ஆட்சி வந்துவிட்டது என்று மேடைக்கு மேடை முழங்கிய காலம். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு ஆட்கள் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். வரப்பில் யூரியா மூட்டைகள் அடுக்கியிருந்தன. "பயிருக்கு மூட்டை மூட்டையாப் போடுறீங்க. எங்களுக்கு அரைப்படி கூட்டுனா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று அம்மா கேட்டாள். பண்ணையார் அவள் பக்கம் திரும்பாமல் தன் காரியஸ்தரிடம் சொன்னார்: "வயிறு ரொம்புனா இவங்க வேலை செய்வாங்களாய்யா?" மறுநாள் போலீஸ் காவலோடு வெளியூர் ஆட்கள் நட்டார்கள். அறுவடை வரை எங்கள் தெருவுக்கு வேலை இல்லை.

யாரிடமும் சொல்லாமல் ஒரு தட்டில் அமோனியத்தைக் குறைத்தேன். நாலாம் நாள், அதில் பரப்பியிருந்த சீழ்க்கிருமிகளுக்கு நடுவே, அவை செத்துப்போன தெளிவான ஒரு வட்டம். மருந்து சுரந்துவிட்டது. பேராசிரியர் என் தோளைத் தட்டினார். "பசிதான் உழைக்க வைக்கிறது!"

"எங்கள் பண்ணையார் இதை மைக்ராஸ்கோப் இல்லாமலே சொன்னார்" என்றேன். பண்ணையாரும் விஞ்ஞானி என்று நினைத்துப் பேராசிரியர் முகவரி கேட்டார். பசித்த உயிர் நமக்காக உழைக்கவில்லை, பக்கத்தில் வருபவனை விரட்ட நஞ்சு கக்குகிறது என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

பாக்டீரியாவைப் பதிவுசெய்யும் படிவத்தில், மண் எடுத்த நிலம் யாருடையது என்று ஒரு கேள்வி. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பண்ணையார் அந்த வயலைத் தன் சமையல்காரர் பேருக்கு மாற்றியிருந்தார். சமையல்காரருக்கே அது தெரியாது. யார் பேரை எழுதுவது என்று அம்மாவைக் கேட்டுக் கடிதம் போட்டேன். அண்ணன் கையெழுத்தில் அம்மாவின் பதில் வந்தது: "அவங்க பேரெல்லாம் எதுக்கு? எம் பேரப் போடு."

போட்டேன். டேனிஷ் கோப்பு ஒன்றில் இன்று அம்மா நிலக்காரி. ஊரில் அதே வயலில் கால்வைக்க, ஆள் வந்து வேலைக்குக் கூப்பிடுவதற்குக் காத்திருக்கிறாள்.