சாம்பல் போகும் பக்கம்

மிளா என்கிற காட்டுமான் வேட்டைக்குப் பரண் கட்ட மரம் பார்க்கிற வேலையில் ஒரு விசேஷம் உண்டு: மிளா விழுந்தால் அது துப்பாக்கி பிடித்தவரின் கைத்திறமை, விழாவிட்டால் மரம் பார்த்தவளின் குற்றம். இதைச் சரியாகச் சொல்வேனா என்றே எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவள் நான். கிழக்கை மேற்கு என்று எழுதிவிட்டால் மொத்தமும் கெட்டுப்போகும். அடுத்தவர் பிழைக்கும் சேர்த்துத் திட்டு வாங்குகிற வேலையில் இருக்கிறவர்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து மலைப்பக்கம் போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் வீட்டுக்காரர்தான் பரண் கட்டினார். அந்த வேலைக்காக ஓட்டு வீடு ஒன்றில் எங்களைக் குடிவைத்திருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் பரணிலிருந்து விழுந்து அவருக்குக் கால் மடங்கிப்போனது. மரம் ஏறிக் கட்ட ஆள் கிடைத்தது. எந்த மரம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அவரோடு இருபது வருஷம் காடு அலைந்த தைரியத்தில் நான் போனேன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தோட்டத்துக்கு வேட்டையாட வருகிற விருந்தாளிகள் தொடர்ந்து மூன்று பேர் வெறுங்கையோடு திரும்பினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

சந்தைக் காற்று

முதல் ஆள் தக்கலையிலிருந்து மோட்டாரில் வந்த வைத்தியர். ஆடி மாதம், கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும் காலம். மிளாவுக்குக் கண்ணைவிட மூக்குக் கூர்மை. மனித வாடை அதன் பக்கம் போகவே கூடாது. அதனால் ஓடைப் பள்ளத்தில் மிளா வரும் தடத்துக்குக் கிழக்கே, மலை ஏறும் பக்கத்தில் ஒரு மரத்தைக் காட்டினேன். விடிந்ததும் மிளா வந்தது. தொலைவிலேயே நின்று, காலைத் தரையில் உதைத்து, மணி அடித்தாற்போல் ஒரு கத்தல் கத்திவிட்டு ஓடிப்போனது. அது தம்மிடம் ஏதோ சொல்ல வருகிறது என்று நினைத்து, வைத்தியர் துப்பாக்கியைத் தூக்காமலே இருந்துவிட்டார்.

வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். வெளியே எந்தக் காற்று அடித்தாலும், ஓடைப் பள்ளத்துக்குள் வெயில் ஏறுமுன் காற்று மலையிலிருந்து கீழே இறங்குமாம். பாறை சூடானதும் மேலே ஏறுமாம். சாயங்காலம் மறுபடியும் இறங்குமாம். நான் பார்த்தது சந்தைக்குப் போகிற வழியில் அடிக்கிற காற்று. இருபது வருஷமாக இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஏட்டி, இருவது வருசமா நீ சோத்துப் பொதியத்தானே பாத்துக்கிட்டு வந்த."

வக்கீலின் அத்தர்

அதன் பிறகு அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பையில் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். பத்தடிக்கு ஒரு சிட்டிகை விசிறிப் பார்ப்பேன். என்னைப் போலப் பயந்தவளுக்குத் தோதான வேலை. ஏழு தடவை பார்த்தாலும் எட்டாவது தடவை பார்க்கத் தோன்றும்.

அடுத்து வந்தவர் ஒரு வக்கீல். அவருக்குத் தடத்தின் மேல்பக்கத்திலேயே மரம் பார்த்து, வெயில் ஏறிக் காற்று திரும்பிய பிறகு ஒன்பது மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினேன். ஆசை மிகுந்து, விடிகிற நேரத்திலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். போதாததற்குக் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர்போல அத்தர் வேறு. நான் கஞ்சிப் பாத்திரத்தோடு பள்ளத்தில் வரும்போதே எனக்கு மணத்தது. அன்று தடத்தில் ஒரு முயல்கூட வரவில்லை. பணிவாகத்தான் காரணத்தைச் சொன்னேன். கைக்குட்டையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, சாட்சிக் கூண்டில் நிற்பவளைக் கேட்பதுபோல் கேட்டார்.

"பக்கத்துல இருக்க எனக்கே மணக்கல்ல. அங்கன நிக்க மிளாவுக்கு எப்பிடிம்மா மணக்கும்?"

மானேஜரின் மச்சான்

இரண்டு போயிற்று. மூன்றாவதாகத் தோட்டத்து மானேஜரின் மச்சான் வந்த அன்று, பானைகளைக் கழுவி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் காட்டுக்குப் போனேன். காலி செய்யச் சொன்னால் தூக்க எளிது.

அது சாயங்கால வேட்டை. வெயில் பள்ளத்தைவிட்டுப் போயிருந்தது. இனிக் காற்று இறங்கும். தடத்துக்குக் கீழேதான் உட்கார வேண்டும். அவருக்கோ மேலே நின்ற அயனி மரம் பிடித்துவிட்டது. முதுகைச் சாய்க்க வசதியாம். இந்த அம்மாளுக்கு என்ன தெரியும் என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டார். எதிர்த்துப் பேசினாலும் வீடு போகும், பேசாவிட்டாலும் போகும். சாம்பல் பையை அவிழ்த்து அவரிடமே நீட்டினேன். "ஏமானே, எனக்குக் கண்ணு அவ்வளவு தெரியாது. ஒரு பிடி விசிறிட்டு, எந்தப் பக்கம் போவுதுண்ணு கணக்கப்பிள்ளைக்குச் சொல்லணும்."

தாராளமாக அள்ளி விசிறினார். பாதி கணக்கப்பிள்ளையின் வேட்டியில் விழுந்தது; மீதி தடத்தை நோக்கி இறங்கியது. கீழே போகிறது என்று அவர் வாயாலேயே சொன்னார். சற்று யோசித்தார். அப்படியானால் கீழே இருக்கிற மரம்தான் சரி, இதுகூடத் தெரியாமல் என்ன பரண் கட்டுகிறீர்கள் என்று எங்களைக் கண்டித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மரத்திலும் கட்டச் சொல்லியிருந்தேன்.

பொழுது சாயுமுன் கொம்பு வைத்த மிளா ஒன்று இருபதடியில் வந்து நின்றது. இரண்டு தடவை சுட்டார். ஒன்று மரத்தில் பட்டது, ஒன்று வானத்துக்குப் போனது. மிளாவும் போய்விட்டது. மூன்றாவது வெறுங்கை. கணக்கப்பிள்ளை வேட்டியைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். ஆனால் காற்றைச் சொன்னதும் மரத்தைத் தேர்ந்ததும் மானேஜரின் மச்சான். அதைக் காதால் கேட்டதும் இவரே. பழியை என் தலையில் போட வழியில்லை. பரணிலிருந்து இறங்கியவரே தீர்ப்பையும் சொல்லிவிட்டார்.

"காத்துஞ் சரி, மரமுஞ் சரி. மிளாதான் சரியா நிக்கல்ல."

அன்று முதல் சாம்பல் பையைச் சுமப்பது மட்டும் என் இடுப்பு, விசிறுவது விருந்தாளியின் கை, பக்கம் சொல்வது அவர் வாய், சாட்சி கணக்கப்பிள்ளையின் காது என்று வைத்துக்கொண்டதால், அந்த ஓட்டு வீட்டில் இன்னும் என் அடுப்புதான் எரிகிறது, சாம்பலுக்கும் குறைவில்லை.