பெருமாள் பேரில் ஒரு பாஸ்வேர்டு

திருச்சியில் பார்த்த வேலை போய் குரும்பலூர் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, செயலிகளின் பாதுகாப்பைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அதற்கென்றே சில புண்ணியவான்கள், வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்து ஒரு பொய் ஆன்லைன் கடையைக் கட்டி, இணையத்தில் இலவசமாக விட்டிருக்கிறார்கள். அதன் நிரலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம். நம் லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு, ஓட்டை வழியே நுழைந்து பழக வேண்டும்.

அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. "ஓட்டன்னு தெரிஞ்சா அடைக்கறதுதான மொற. நீ எதுக்கு நாள் முழுக்க உள்ள போயிட்டு வர?" என்றார். வேலையில்லாத பெண் திருடப் பழகுகிறாள் என்று ஊர் பேசுமே என்பது அவர் கவலை.

ஒருநாள் பாடம், பாஸ்வேர்டை ஊகிப்பது. ஆளைத் தெரிந்தால் பாதி பாஸ்வேர்டு தெரிந்த மாதிரி என்று போட்டிருந்தது. எனக்கு உடனே எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. எங்கள் குலதெய்வம் கல்லங்குறிச்சிப் பெருமாள். பங்காளிகள் அத்தனை பேருக்கும் பாஸ்வேர்டும் அவர்தான். வேறு பெயர் வைப்பது சாமிக்குச் செய்யும் துரோகம். அம்மாவின் சமையல் சேனலுக்குள் நுழைய முடிகிறதா என்று பார்த்தேன். முதல் தட்டிலேயே பெருமாள் கதவைத் திறந்துவிட்டார்.

அந்தச் சேனல்தான் அம்மாவின் உயிர். சின்ன வெங்காயக் குழம்பு தொடங்கி அவள் கைப்பக்குவம் முழுக்க அதில்தான் இருக்கிறது. எவனாவது புகுந்து அழித்தால் தாங்க மாட்டாள்.

"ஒடனே மாத்தும்மா" என்றேன்.

"சாமி பேர எடுக்கச் சொல்றியா? அவரு காவல் இருக்கறப்ப எவன் வருவான்?"

"நானே வந்துட்டேனே."

"நீ வூட்டுப் புள்ள. வுட்டிருப்பாரு."

கடைசியில் சாமியிடமே பூ கேட்பது என்று முடிவானது. வெள்ளைப் பூ வந்தால் மாற்றலாம், சிவப்பு வந்தால் கூடாது. இரண்டையும் பொட்டலம் கட்டிச் சாமி படத்தின் முன் போட்டோம். எடுத்துத்தர எதிர்வீட்டு அக்காவை அழைத்தோம். எனக்கு ஏதோ வரன் வந்திருப்பதாக நினைத்து, அவர் பட்டுப்புடவையில் வந்தார்.

சிவப்புதான் வந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பாஸ்வேர்டுக்குப் பூ கேட்ட குடும்பம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று கத்தினேன். பிறகு, பெயரை எடுக்க வேண்டாம், கூட ஏதாவது சேர்த்துக்கொள் என்று கெஞ்சினேன்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "சேக்கக் கூடாதுன்னு அவரு ஒண்ணும் சொல்லல" என்று போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். நெடுநேரம் தட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நானும் எதையெதையோ போட்டுப் பார்த்தேன், ஒன்றும் திறக்கவில்லை. சந்தோஷமாகத் தண்ணீர் குடிக்கப் போனேன். அடுப்பங்கரையில் அம்மா சேனலுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டியபடி, தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பெருமாளே, எம்புள்ள மொகம் வாடிக் கெடக்கு, நல்ல வேலையா ஒண்ணு குடு."

பாஸ்வேர்டைச் சத்தமாகச் சொல்லாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன்.

எனக்கு வேலை கிடைத்த அன்று அம்மாவே போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "பாஸ்வேர்ட எப்புடி மாத்தறது?"

"பெருமாள்தான் வேணாம்னாரே."

"கேட்டதத்தான் குடுத்துட்டாரே. இனிமே ஒன் கல்யாணத்துக்குப் போடணும்."