சுவருக்குக் கட்டிய பாவாடை

வேறு யாராவது சொல்லி நீங்கள் அறியும் முன்பு நானே சொல்லிவிடுகிறேன். ரப்பர் மரத்துக்குக் கட்டுகிற பிளாஸ்டிக் பாவாடையை என் படுக்கையறைச் சுவருக்குக் கட்டியவன் நான்தான். குடித்துவிட்டு அல்ல. காலையில் புட்டும் பயறும் தின்றுவிட்டு, தெளிந்த புத்தியோடு.

எங்கள் பக்கம் மழைக்கு முன்பே ரப்பர் மரங்களுக்குப் பாவாடை கட்டிவிடுவார்கள். பால் வெட்டுகிற இடத்துக்கு மேலே தார்ப்பசை தடவி, பிளாஸ்டிக்கைச் சுருக்கிச் சுருக்கி ஒட்டினால் மழைத்தண்ணீர் பாலில் விழாது. மரத்துக்கு ஆகிற வைத்தியம் சுவருக்கு ஆகாதா என்று நினைத்தேன். ஆகாது.

அந்த வருஷம் மழை பிடித்ததும் சுவர் வியர்க்கத் தொடங்கியது. அலமாரிக்குப் பின்னால் முதலில் ஈரம், பிறகு கரும்புள்ளி, பிறகு அலமாரிக்குள்ளே என் கல்யாணக் கோட்டில் பச்சை ரோமம். பூசண வாசம் ஏறினால் என் மனைவிக்கு மூச்சு இளைக்கும். கொஞ்ச நாள் பொறுத்தாள். பிறகு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னறைக் கட்டிலுக்குப் போய்விட்டாள்.

"செவரு காயாம நான் அதுக்குள்ள வரமாட்டேன். பாத்துக்கிடுங்க."

சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் உண்டு. எங்களைப் பிரித்தது சுவரில் ஏறிய ஓதம்.

முதலில் மொட்டைமாடியைச் சந்தேகப்பட்டேன். மழை விட்ட இடைவெளியில் ஓடிப்போய் வாட்டர் புரூஃப் பெயின்ட் அடித்தேன். காயும் முன்பே அடுத்த மழை வந்து அதைக் கழுவி முற்றத்துச் செம்பருத்திக்கு அடித்துவிட்டுப் போனது. அடுத்து, பக்கத்து வீட்டிலிருக்கும் என் சொந்த அண்ணனைச் சந்தேகப்பட்டேன். அவனுடைய தண்ணீர் டேங்க் கசிகிறது என்று மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டேன்.

அவன் பல் தேய்த்துக்கொண்டே கேட்டான்: "எலே, எனக்க டேங்கு ரோட்டுப் பக்கமாக்கும். அந்தத் தண்ணி பாறசாலைக்கு பஸ் ஏறிப் போய், திரும்பி வந்து உனக்க பெட்ரூம்ல எறங்குச்சோ?"

"சிரிக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

"மழை பெய்யாத அன்னைக்கும் நனையுதே, அது எப்பிடி?" என்று மனைவி கேட்டாள். நல்ல கேள்வி. அதனால்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதன் பிறகுதான் பாவாடை. அண்ணன் தோட்டத்துக்கு வாங்கி மிச்சமிருந்த பிளாஸ்டிக்கையும் தார்ப்பசையையும் அவனுக்குத் தெரியாமல் எடுத்துவந்து சுவரில் ஒட்டினேன். சட்டையிலும் தார், புருவத்திலும் தார். மறுநாள் காலை பார்த்தால் பிளாஸ்டிக்கின் மேலே முத்து முத்தாய்த் தண்ணீர், அறையைப் பார்த்த பக்கத்தில். ஓரத்தைப் பிய்த்து உள்ளே கைவிட்டேன். பிளாஸ்டிக்குக்குப் பின்னால் சுவர் சும்மா காய்ந்து கிடந்தது.

மூக்கில் துணியைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள் மனைவி. "செவருக்க தண்ணி பிளாஸ்டிக்குக்கு முன்னால எப்பிடி வந்தது?"

"ஊறி வந்திருக்கும்."

"அப்போ அந்த ரப்பர் மரத்துப் பாவாடைக்குள்ளயும் மழை ஊறிப் போகாதோ?"

அப்போதுதான் சுவரை விட்டுவிட்டு அறையைப் பார்த்தேன். குறுக்கே நான் கட்டிய கொடி, அதில் நனைந்த கைலிகள், துண்டுகள், சொட்டிக்கொண்டிருக்கும் போர்வை. திறந்து கிடந்த குளியலறையிலிருந்து என் வெந்நீர் ஆவி. ஏசி வாங்கிய அன்று, குளிர் வெளியே ஓடிவிடக் கூடாது என்று சன்னலுக்கு மேலிருந்த காற்றுத் துளைகளைத் தெர்மோகோல் வைத்து அடைத்ததும் நான். ராத்திரி முழுக்க ஏசி போட்டுச் சுவரைக் குளிர வைத்துவிட்டு, காலையில் அறை முழுக்க ஆவியை நிரப்பினால் அது என்ன செய்யும்? ஐஸ் போட்ட சர்பத் கிளாஸ் போல வெளியே வியர்க்கும். மழை வெளியே பெய்தது கொஞ்சம். உள்ளே பெய்வித்தது நான்.

தெர்மோகோலைக் குத்தி எடுத்தேன். கொடியை அவிழ்த்து மாடிப்படி ஷெட்டில் கட்டினேன். அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளிவைத்தேன். பூசணத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தேன். தார் மட்டும் போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டால் பரவுகிறது, சுரண்டினால் பெயின்ட் வருகிறது, திட்டினால் ஒன்றுமே ஆகவில்லை. வெள்ளைச் சுவரில் அகலமான கருப்புப் பட்டை, இறந்தவர் படத்தைச் சுற்றிப் போடுவதுபோல.

ஆனாலும் சுவர் காய்ந்தது. தினமும் கையால் தடவிப் பார்த்தேன். கையை நம்பாமல் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். ஈரமில்லை, வாசமில்லை. ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், படுக்கையில் புதுவிரிப்பு விரித்து, பவுடர் போட்டுக்கொண்டு முன்னறைக்குப் போனேன்.

அவள் சன்னலோரக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். பல நாளாக இளைப்பு இல்லை, முகம் தெளிந்திருந்தது.

"செவரு நல்லா காஞ்சாச்சு," என்றேன். "பூசணம் போயாச்சு, ஓட்டையெல்லாம் திறந்தாச்சு. தலையணையை நான் எடுத்துட்டுப் போகட்டா?"

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"இஞ்ச நல்ல காத்து உண்டு."