நூற்று எண்பது அடியில் ஒரு கிதார்

காலை 6.20. நாமக்கல் பேருந்து நிலையத்தில் செம்மேடு போகும் பேருந்தின் கடைசி இருக்கையில் இடம் பிடித்தோம். ஜெயசீலனின் பேஸ் கிதார் அதன் உறையோடு வேறெங்கும் நிற்காது. ஜெயசீலன் சேலத்துக்காரர், வயது ஐம்பத்திரண்டு. திருமண வரவேற்புகளில் பாடும் மெல்லிசைக் குழுக்களுக்கு பேஸ் வாசிப்பவர். முந்தைய நாள் மாலை நாமக்கல்லில் அவருக்கு ஒரு வரவேற்பு இருந்தது. அதனால் பயணத்தை இங்கிருந்து தொடங்கினோம்.

என் பையில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது. எங்கள் வீட்டுப் பரணில் கிடந்ததை இறக்கி, சேலத்தில் பெல்ட் மாற்றிக் கொண்டுவந்திருந்தேன். நாங்கள் பார்க்கப் போகும் மனிதர் கேட்ட ஒரே பொருள் அதுதான். "உங்க ஊட்டுல டேப்பு ஏதாச்சும் கெடந்தா எடுத்துட்டு வாங்க. ஒரு கேசட்டு வெச்சிருக்கறனுங்க. கேட்டு இருவத்தஞ்சு வருசமாச்சு" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

அவர் பெயர் வரதராசு. கொல்லிமலையில், ஆலத்தூர் நாடு என்ற ஊராட்சியில், மிளகும் மரவள்ளியும் பயிரிடுகிறார். ஆசிரியர் யாருமின்றி ஜாஸ் கிதார் கற்றுக்கொண்டு, பாட்டு வரிகளே இல்லாமல் கிதாருக்கென்று மட்டும் பதினொரு உருப்படிகளை அமைத்திருக்கிறார். அவருடன் சேர்ந்து இதுவரை எவரும் வாசித்ததில்லை. ஜெயசீலன் அவரைச் சேலத்தில் ஒரு வாத்தியக் கடையில் சந்தித்திருக்கிறார். மிளகு விற்றதும் ஆண்டுக்கு ஒருமுறை தந்தி வாங்க வருபவராம். அடுத்த மாதம் சேலத்தில் ஒரு சிறிய அரங்கில் இருவரும் சேர்ந்து வாசிப்பதாகப் பேச்சு. இன்று முதல் ஒத்திகை. அது ஒத்துவந்தால்தான் மேடை, இல்லாவிட்டால் இல்லை என்று வரதராசு கறாராகச் சொல்லியிருந்தார்.

சேந்தமங்கலத்தில் பேருந்து பத்து நிமிடம் நின்றது. இறங்கிப் பெரிய பேட்டரி நான்கு வாங்கினேன், ஒன்று நாற்பது ரூபாய். மலை மேல் கிடைக்காமல் போகலாம் என்று தோன்றியது. நண்பகல் நெருங்கும் வரை அதைப் பற்றி மேலும் யோசிக்கவில்லை.

காரவள்ளியில் மலைப்பாதை தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகள் எழுபது. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. ஓட்டுநர் எந்த வளைவையும் ஹாரன் அடிக்காமல் கடக்கவில்லை. பன்னிரண்டாவது வளைவில் ஜெயசீலன் கைபேசியில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து ஹாரனுக்குக் காட்டினார். திரையில் முள் நடுவே நின்று பச்சை விளக்கு எரிந்தது.

"சுத்தமான 'ஏ' சுரம். பாருங்க, கவர்மென்ட் பஸ் ஹாரனே சுருதி சேர்ந்திருக்கு. எங்க குழுவுல கீபோர்டுக்காரன் சேரமாட்டேங்கிறான்" என்றார்.

நடத்துநர் திரும்பி என் குறிப்பேட்டைப் பார்த்தார். "ஹாரன் பத்தி எழுதிக் கிழுதி போட்றாதீங்க. போன வாரந்தான் மாத்துனோம்."

9.05. செம்மேடு. ஸ்வெட்டர் தேவைப்படாத, ஆனால் வெயிலைத் தேடி நிற்கவைக்கும் குளிர். அங்கிருந்து வாடகை ஜீப், ஆளுக்கு நாற்பது ரூபாய். கிதார் உறையைப் பார்த்துவிட்ட ஓட்டுநருக்கு முகவரி சொல்லத் தேவையிருக்கவில்லை.

"கித்தாருக்காரரு ஊடுங்களா? ஏறுங்க. அவரு வாசிச்சா எங்க எருமை அப்படியே படுத்துக்குமுங்க."

"ரசிக்குதா?"

"அது தெரியலீங்க. எந்திரிக்கறதில்ல."

வழி நெடுக சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகள், இடையிடையே சரிவுகளில் மரவள்ளி. அறுவடைக் காலம் என்பதால் பல வீடுகளின் முன்னால் நீலத் தார்ப்பாயில் மிளகு காய்ந்தது. பாதி பச்சை, பாதி கறுப்பு.

9.50. வரதராசு வாசலுக்கு வந்து கிதார் உறையை வாங்கிக்கொண்டார். நாற்பத்தேழு வயது, ஒல்லியான உடல், இடது கை விரல் நுனிகள் நான்கிலும் காய்ப்பு. வலது கட்டைவிரலில் பழைய தழும்பு ஒன்று நீளமாக ஓடுகிறது. அவருடைய மனைவி சரசு மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. நேத்துல இருந்து இவருக்குச் சோறு எறங்கல. பொண்ணு பாக்க வாரவங்களுக்குக் காத்திருக்கிற மாதிரி ஒக்காந்திருக்காரு" என்றார் சரசு.

"அவ கெடக்கறா. வாங்க மாஸ்டர்" என்று ஜெயசீலனை அழைத்துப்போனார்.

மிளகு மூட்டை அடுக்கும் கொட்டகைதான் அவர் வாசிக்கும் இடம். டீ குடித்தபடி அவர் சொன்ன கதையின் சுருக்கம் இது. பத்தொன்பது வயதில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியில் வேலைக்குச் சேர்ந்தார். இந்தப் பக்கத்து லாரிகள் இந்தியாவின் எல்லா மூலைக்கும் போகும். அவருடைய லாரி மேகாலயாவுக்குப் போனது. ஷில்லாங்கில் ஒரு பழைய பொருள் கடையில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஒரு கிதார் வாங்கினார். கடைக்காரர் மேலட்டை இல்லாத ஒரு கேசட்டை இலவசமாகத் தந்தார். அதில் கிதார், பேஸ், டிரம்ஸ், நாற்பது நிமிடம். யார் வாசித்தார்கள் என்று அவருக்கு இன்றும் தெரியாது. மூன்று ஆண்டுகள் அந்த ஒரு கேசட்டை லாரியில் இருந்த டேப் ரெக்கார்டரில் நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஒவ்வொரு சத்தமும் எந்தத் தந்தியில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தேடியிருக்கிறார்.

"அதுக்குப் பேரு ஜாஸுன்னு மாஸ்டர் சொல்லித்தாங்க தெரியும். பேரே தெரியாம அத்தன வருசம் குடும்பம் நடத்திருக்கறேன்."

கொட்டகையின் விட்டத்திலிருந்து நைலான் கயிற்றில் ஓர் இரும்புக் குழாய் தொங்கியது. அரை அங்குலக் குழாய், இரண்டடிக்குச் சற்று அதிகம். வரதராசு ஒரு ஸ்பேனரால் அதைத் தட்டினார். தெளிவான ஒரே ஓசை நெடுநேரம் நின்றது. கிதாரின் மெல்லிய முதல் தந்தியை அதோடு சேர்த்தார், பிறகு மற்ற தந்திகளை முதல் தந்தியோடு. லாரியில் இருந்த காலத்திலேயே கேசட்டில் கேட்ட ஓசைக்குச் சரியாக வரும்வரை அரத்தால் அராவிச் செய்த குழாயாம். லாரியை விட்டு மலைக்குத் திரும்பியபோது டேப் ரெக்கார்டர் லாரியோடு போய்விட்டது. கேசட்டும் கிதாரும் குழாயும் அவரோடு வந்தன.

முதலில் தனியாக வாசித்தார். உருப்படியின் பெயர் 'நூத்தியெம்பதடி'. அவருடைய உருப்படிகள் எல்லாமே அவர் நின்று தோண்டிய கிணறுகள். பெயர்கள் எல்லாமே ஆழங்கள். ஒன்று மட்டும் 'காஞ்ச போர்', தண்ணீரே வராத கிணறு. துளையிடும் இரும்புத் தண்டான ராடு ஒவ்வொன்றும் இருபது அடி. ஒன்று முழுதாக இறங்கியதும் இயந்திரம் நிற்கும், அடுத்த ராடு பூட்டப்படும், மறுபடி சத்தம் எழும். இசையும் அப்படித்தான் போயிற்று. ஒரு பகுதி, ஒரு மௌனம், அடுத்த பகுதி இன்னும் கீழே. எண்ணினேன், ஒன்பது பகுதிகள். சினிமாப் பாட்டின் கிதாரில் மூன்று ஓசைகள் சேர்ந்து ஒலிக்கும் இடங்களில் இவர் நான்கும் ஐந்தும் வைக்கிறார். அதனால் எந்த இடமும் முடிந்துவிட்டதாகத் தோன்றுவதில்லை. ஒன்பதாவது பகுதியில் விரல்கள் சட்டென்று மேலே பாய்ந்து பரவின.

சரசு கொட்டகை வாசலில் கைகளைத் துடைத்தபடி, "அதாங்க, தண்ணி வந்துருச்சு" என்று எனக்கு விளக்கினார்.

11.15. ஜெயசீலன் பேஸைத் தோளில் மாட்டினார். இருவரும் தொடங்கி நான்கு நொடிகூட ஆகவில்லை, நிறுத்திவிட்டார். இரண்டு வாத்தியங்களும் ஒன்றையொன்று கடித்தன. கைபேசியை எடுத்துத் தன் தந்தியைச் சோதித்தார்: பச்சை. வரதராசுவின் தந்திக்குக் காட்டினார்: சிவப்பு. ஆறு தந்திகளும் அப்படியே.

"நீங்க இறக்கமா இருக்கீங்க. அரைச் சுரம்கூட இல்ல, அதுக்கும் கொஞ்சம் குறைவு. ரெண்டுங்கெட்டான் இடம்" என்றார் ஜெயசீலன்.

"இல்லீங்களே. கொழா அப்படியே இருக்குது. கேசட்டுக்குச் சரியா அராவினது."

"குழாய் தப்பா இருக்கலாமில்ல?"

"கேசட்டே சொல்லட்டுமுங்க."

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து கேசட்டை எடுத்துவந்தார். நான் புதிய பேட்டரிகளைப் போட்டேன். சில நொடி இரைச்சல், பிறகு கிதார் வந்தது. துள்ளலாக, வேகமாக, கூரிய குரலில். ஜெயசீலன் கைபேசியை அருகே பிடித்தார். முள் பச்சையைவிட்டு நகரவில்லை.

வரதராசு ஒரு நிமிடம் கேட்டார். "இது அந்த ஆளு இல்லீங்க" என்றார்.

"கேசட்டு மாறிப்போச்சா?" என்றார் ஜெயசீலன்.

"கேசட்டு அதேதான். இப்ப வாரது, அடுத்து வாரது, வெரல் வெக்கற எடமெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா ஆளு வேற. இவருக்கு எங்கியோ பஸ்ஸு புடிக்கோணும்."

லாரியில் எந்தப் பேட்டரியில் கேட்டீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லும்போதே எங்கள் மூவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. டேப் ரெக்கார்டர் லாரி ஓட்டுநருடையது. அவர் சினிமாப் பாட்டு கேட்டுத் தேய்த்த பேட்டரிகளைத் தூக்கியெறிவார். வரதராசு அவற்றைப் பொறுக்கி லாரியின் முகப்புத் தகரத்தில் வெயிலில் காயவைத்துப் போட்டுக் கேட்பார். மூன்று ஆண்டுகளில் புதுப் பேட்டரி அவர் கைக்கு வந்ததே இல்லை. சோர்ந்த பேட்டரியில் நாடா மெதுவாகத்தான் ஓடியிருக்கும். மெதுவாக ஓடினால் ஓசையும் இறங்கும். அந்த இறங்கிய ஓசைக்குத்தான் குழாய் அராவப்பட்டது. பதினொரு உருப்படிகளும் அதன் மேல் எழுந்தவை.

"அப்ப நான் கத்துக்கிட்டது பூரா செத்த பேட்டரிங்களா?"

அவர் எழுந்து போய்த் தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்து மிளகைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "சேலத்துக்கு நான் வரலீங்க மாஸ்டர்" என்றார்.

சரசு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். "ஏனுங்க, அந்த டேப்பு ஆளு வேகமா வாசிச்சா உங்களுக்கென்ன? அவரு ஊட்டுல பொண்ணா எடுத்திருக்கீங்க?"

"உனக்கொண்ணும் தெரியாது."

"தெரியாதுதான். உங்க வாசிப்ப இருவத்திரண்டு வருசமாக் கேட்டது நான். அந்த ஆளு இல்ல."

1.00. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. சாப்பிட்டு முடித்ததும் வரதராசு தாமாகவே கிதாரை எடுத்தார். ஜெயசீலனின் கைபேசியை முன்னால் வைத்து, ஆறு தந்திகளையும் பச்சை வரும்வரை ஏற்றினார். 'நூத்தியெம்பதடி' மீண்டும் தொடங்கியது. இப்போது பேஸ் சரியாக ஒட்டியது. பிசிறே இல்லை. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஆறாவது ராடில் வரதராசு நிறுத்தினார்.

"சுத்தமாத்தானே இருக்கு?" என்றார் ஜெயசீலன்.

"சுத்தமா இருக்குதுங்க. பாறை மாதிரி இருக்குது. நூத்தியெம்பதடியில தண்ணி வரோணும். இதுல வராது. எனக்கு இப்பவே தெரியுது."

ஜெயசீலன் அவரையும் தொங்கும் குழாயையும் பார்த்தார். முப்பது ஆண்டுகளாகப் பாடகர்களின் தொண்டைக்கு ஏற்ப வாசித்த மனிதர். எழுந்துபோய் ஸ்பேனரை எடுத்துக் குழாயைத் தட்டினார். தன் பேஸின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கைபேசி சிவப்பாக ஒளிர்ந்தது. அதைக் குப்புறக் கவிழ்த்துவைத்தார். மீண்டும் தட்டினார், காதைத் தந்தியருகே கொண்டுபோனார், இன்னும் சிறிது தளர்த்தினார்.

"நீங்களும் இறங்குங்க. பழைய இடத்துக்கு" என்றார்.

2.10. மூன்றாவது முறை. மௌனங்கள் வந்தபோது ஜெயசீலனும் கையை எடுத்துவிட்டார். வெளியே மிளகுக் கொடியில் ஒரு பறவை கத்தியது கேட்டது, பிறகு அடுத்த ராடு. எட்டாவது பகுதியில் பேஸ் தனியாகக் கீழே போயிற்று. வரதராசு தலை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய உருப்படிக்குள் வேறொருவர் தோண்டுவது அதுதான் முதல் முறை. ஒன்பதாவதில் இருவரும் சேர்ந்து மேலே வந்தார்கள்.

சரசு இம்முறை விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கிளறுகோலைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"சேலத்துல அந்த மேடையில கொழாயத் தொங்கவுட எடமிருக்குதுங்களா?" என்று கேட்டார் வரதராசு.

"இல்லாட்டி நான் பிடிச்சுக்கிறேன்" என்றார் ஜெயசீலன்.

கேசட்டின் மறுபக்கத்தைக் கேட்கலாமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றார் வரதராசு. பேட்டரிகளை மட்டும் டார்ச்சுக்கு ஆகும் என்று வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஒரு மணி நேரம் அவர் வாசிக்கவில்லை. தண்ணீர்க் குழாய் போட்டு மிஞ்சிய ஒரு துண்டை எடுத்து, ரம்பத்தால் அறுத்து, முனையை அராவினார். ஜெயசீலன் ஒரு மாதம் சேலத்தில் தனியாகப் பழக வேண்டுமே. பழைய குழாயையும் புதியதையும் ஒன்றாகத் தட்டும்போது எழும் ஓசையில் ஒரு நடுக்கம் இருந்தது. அராவ அராவ நடுக்கம் மெதுவாகி, ஒருகட்டத்தில் நின்றுபோயிற்று. துண்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

3.50. இறங்கும்போது வேறு பேருந்து, வேறு வழி, முள்ளுக்குறிச்சி இறக்கம். ராசிபுரம் போய்ச் சேலத்துக்கு மாறலாம் என்று எண்ணம். நடத்துநர் ஜெயசீலனின் மடியைப் பார்த்தார்.

"என்னங்க அது, கம்பியா? கம்பிக்கு லக்கேஜு போடோணும்."

"கம்பியில்லீங்க. சுருதி."

"அதுக்கு டிக்கெட்டு இல்ல. வெச்சுக்கங்க."

5.40. ராசிபுரம் பேருந்து நிலையம். காலையில் நாமக்கல்லில் விட்டுச்சென்ற அத்தனை சத்தமும் அங்கே காத்திருந்தது: ஒலிபெருக்கி, வேர்க்கடலைக்காரரின் மணி, பின்னால் நகரும் வண்டிகளுக்கு அடிக்கும் விசில். மலையில் ஒரே நாளில் நான் கேட்ட ஓசைகளை ஒரு தாளில் எழுதிவிடலாம். இங்கே ஒரு நிமிடத்துக்கே தாள் போதாது.

சேலம் பேருந்து எங்களைப் பார்த்து நீளமாக ஹாரன் அடித்தது. காலையில் கேட்ட அதே வகை ஹாரன். ஜெயசீலன் துணியை விலக்கி, சாவிக்கொத்தால் குழாயைத் தட்டிக் காதருகே பிடித்தார். பேருந்து இன்னொருமுறை அடித்தது.

கைபேசியை அவர் எடுக்கவில்லை. "கேட்டீங்களா? பஸ் ஏத்தமா இருக்கு" என்றார்.